ஊன்றிய பல் நிலைக்காமல் போவது ஏன்?

பல் உள்வைப்புச் சிகிச்சை பெற எண்ணியிருப்போரும், அண்மையில் பெற்றோரும், அவர்தம் குடும்பத்தினரும் படித்து அறிவதற்காக இக்கட்டுரையை எழுதுகிறோம். மக்கள் இதனை 'இம்பிளாண்ட்' என்றும், 'ஸ்குரூ வைத்துக் கட்டும் பல்' என்றும் கூறுகின்றனர். பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. பொருத்திய சில வாரங்களிலேயே இது ஆடிக் கழன்றுவிடும் நிலையைத் தொடக்கத் தோல்வி என்கிறோம். அடிக்கடி நிகழ்வதன்று, ஆயினும் நிகழும்போது நோயாளர் இழப்பது பெரிது.

சென்ற ஆண்டு ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலைப்பொழுதில், ஐம்பத்தெட்டு வயது உழவர் ஒருவர் எங்கள் பிரிவுக்கு வந்தார். இலவந்தோப்பும் சிறிது முந்திரியும் உடையவர். வேட்டி மடிப்பில் முடிந்துவைத்திருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்து மேசைமீது வைத்தார். ஐந்து வாரங்களுக்கு முன் அவருடைய இடது கீழ்த்தாடையில் நாங்கள் பொருத்திய டைட்டானிய உள்வைப்பு அதற்குள் இருந்தது. "காலைல வாய் கொப்பளிக்கிறப்பத் தானா வந்துருச்சுய்யா, வலியே இல்ல" என்றார். அவ்வாண்டு இலவங்காய் விற்ற பணத்தில் பெரும்பகுதியை அதற்கெனச் செலவிட்டிருந்தார். அவர் சினம் கொள்ளவில்லை. "நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று மட்டுமே கேட்டார். அக்கேள்விக்கு அன்று எங்களால் முழுமையாக விடை கூற இயலவில்லை. இன்றும் உறுதியான ஒற்றை விடை இல்லை. எனினும் நாங்கள் கேட்கத் தவறிய கேள்விகள் எவை என்பது தெளிவாகிவிட்டது. அவற்றை இங்கே மறைக்காமல் கூறுகிறோம்.

எலும்பு ஏற்றுக்கொள்ளும் முறை

உள்வைப்பு என்பது திருகு வடிவில் அமைந்த சிறு டைட்டானியத் தண்டு. பெரும்பாலும் எட்டு முதல் பதின்மூன்று மில்லிமீட்டர் நீளமும், ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் குறுக்களவும் உடையது. இழந்த பல்லின் வேருக்கு ஈடாக இதனைத் தாடை எலும்பினுள் பொருத்தி, எலும்பு பற்றிக்கொண்ட பின்னர் மேலே பல் கட்டுகிறோம். இதில் பசையோ சிமெண்டோ எலும்புக்கும் தண்டுக்கும் இடையே இல்லை. உயிருள்ள எலும்பு தானே வளர்ந்து உலோகத்தை ஒட்டிப் பற்றிக்கொள்ள வேண்டும். இதனையே எலும்பிணைவு என்கிறோம்.

இவ்வுண்மை தற்செயலாகக் கிட்டியது. 1952இல் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்னும் ஆய்வாளர், முயலின் கால் எலும்பில் இரத்த ஓட்டத்தைக் கண்காணிக்க டைட்டானியத்தால் ஆன சிறு கருவியொன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து எடுக்க முயன்றபோது அது வரவில்லை; எலும்பு அதனை இறுகப் பற்றியிருந்தது. 1965இல் கோதன்பர்க் நகரில், பிறவியிலேயே தாடைக் குறைபாடு உடைய கோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாக இம்முறையில் பல் பொருத்தினார். லார்சன் 2006இல் மறையும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அவை பயன்பட்டன. பல் மருத்துவ உலகம் இதனை எளிதில் ஏற்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1982இல் கனடாவின் டொரோண்டோ நகரில் நடந்த மாநாட்டுக்குப் பின்னரே இம்முறை உலகெங்கும் பரவியது.

இன்று, தகுந்தவருக்குத் தகுந்த முறையில் பொருத்தப்படும் நூறு உள்வைப்புகளில் தொண்ணூறுக்கு மேற்பட்டவை பத்தாண்டுகளுக்குப் பின்னரும் நிலைத்திருக்கின்றன. தவறுபவை இருவகை. பல் கட்டிச் சில ஆண்டுகள் மென்ற பின்னர் ஈறு அழன்று எலும்பு கரைவதால் கழல்வது ஒன்று. எலும்பு பற்றிக்கொள்ளாமலே, பல் கட்டுவதற்கு முன்னரோ கட்டிய உடனேயோ கழல்வது மற்றொன்று. இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

முருங்கைப் போத்து ஊன்றியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 விதைமுருங்கை ஆண்டிபட்டி வட்டாரமெங்கும் பரவிய பின்னரும், வீட்டுக் கொல்லையில் மரமுருங்கைப் போத்தை ஊன்றுவோர் உளர். ஊன்றிய அன்று போத்து உறுதியாக நிற்கும். அவ்வுறுதி மிதித்து இறுக்கிய மண் தருவது, வேர் தருவதன்று. மண் இளகி, வேர் இன்னும் விடாத இடைக்காலம் ஒன்று உண்டு. அக்காலத்தில் ஆடு உரசினாலும் போத்து போய்விடும். தாடையிலும் இதுவே நிகழ்கிறது. பொருத்திய நாளில் உள்ள உறுதி, திருகின் மரைகள் எலும்பைக் கவ்வுவதால் வருவது. அடுத்த வாரங்களில், துளையைச் சுற்றிலும் நலிந்த எலும்பை உடல் அரித்து அகற்றுகிறது. புதிய எலும்பு அதன்பின்னரே உருவாகிறது. ஆகையால் இரண்டாம் வாரம் முதல் நான்காம் வாரம் வரை, சிலருக்கு அதற்குச் சற்றுப் பின்னும், உள்வைப்பு முதல் நாளைவிட உறுதி குறைந்து நிற்கிறது. வலியும் வீக்கமும் நீங்கி, 'எல்லாம் ஆறிவிட்டது' என்று நோயாளர் எண்ணும் காலமும் அதுவே. அவ்வுழவரின் உள்வைப்பு ஐந்தாம் வாரத்தில் கழன்றது வியப்பன்று.

அந்த இடைக்காலத்தில் எவ்வளவு அசைவு கேடு செய்யும்? நூறு முதல் நூற்றைம்பது மைக்ரானுக்கு மேற்பட்ட அசைவு தொடர்ந்து இருந்தால், எலும்புக்கு மாறாக மென்மையான நார்த்திசுவே உலோகத்தைச் சூழும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு தலைமுடியின் தடிமனைவிடச் சற்றே மிகுந்த அளவு அது. நார்த்திசு சூழ்ந்துவிட்டால் அது மீண்டும் எலும்பாக மாறுவதில்லை. ஆடத் தொடங்கிய உள்வைப்பைக் காத்திருந்து காப்பாற்ற இயலாது, எடுத்துவிடுவதே வழி.

நாங்கள் கேட்கத் தவறிய கேள்வி

எங்கள் படிவத்தில் அப்போது 'புகைபிடிப்பீர்களா?' என்ற கேள்வி இருந்தது. அவர் 'இல்லை' என்று கூறினார், அது உண்மை. பீடியோ சிகரெட்டோ அவர் தொட்டதில்லை. ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளாக வெற்றிலையுடன் புகையிலையைச் சேர்த்து இடது கடைவாயில் அடக்கிவைக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. நாங்கள் அதைக் கேட்கவில்லை, அவரும் கூறவில்லை. உள்வைப்பு இருந்தது அதே கடைவாய். மூன்றாம் வாரத்தில், 'ஆறிவிட்டது' என்று கருதி, மீண்டும் அங்கேயே அடக்கத் தொடங்கியிருந்தார்.

2016-17ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் நடந்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, நூற்றுக்கு 28.6 பேர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலை பயன்படுத்தினர். புகைத்தவர் 10.7 விழுக்காடு, மென்றோரும் அடக்கியோரும் உள்ளிட்ட புகையற்ற வகையினர் 21.4 விழுக்காடு. புகைப்போரைப் போல் இருமடங்கு. மேலைநாட்டுப் படிவத்தைப் பார்த்து எழுதிய ஒரே கேள்வியுடன் நாங்கள் நின்றது எவ்வளவு பெரிய பிழை என்பது இந்த எண்களிலேயே தெரியும். தமிழ்நாட்டில் குட்கா, பான்மசாலா ஆகியவற்றுக்கு 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடை விதிக்கப்பட்டது. கடைப் பெட்டியடியில் அவை இன்னும் கிடைப்பதை நோயாளர்களின் வாயே எங்களுக்குச் சொல்கிறது.

புகைபிடித்தல் குறித்த சான்றுகள் மிகுதி. 1993இல் பெயின், மாய் என்னும் இருவர் 540 நோயாளருக்குப் பொருத்திய 2,194 உள்வைப்புகளை ஆராய்ந்து வெளியிட்டனர். புகைப்போரிடம் 11.28 விழுக்காடும், புகைக்காதோரிடம் 4.76 விழுக்காடும் தோல்வியுற்றிருந்தன. இது தொடக்கத் தோல்வியும் பிற்காலத் தோல்வியும் சேர்ந்த கணக்கு. நிகோட்டின் நுண்ணிய இரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. புண்ணுக்கு வரவேண்டிய இரத்தமும் உயிர்வளியும் குறைகின்றன. எலும்பை உருவாக்கும் உயிரணுக்கள் மந்தமாகின்றன. மெல்லும் புகையிலையிலும் நிகோட்டின் உண்டு; அத்துடன் சுண்ணாம்பின் காரமும் ஆறாத ஈற்றின்மேல் நேரே படுகிறது. புகைப்பது பற்றிய அளவுக்கு மெல்லுவது பற்றி உள்வைப்பு ஆய்வுகள் நடக்கவில்லை. ஆய்வு குறைவு என்பதனால் ஆபத்து குறைவு என்று கொள்ளலாகாது என்பதே எங்கள் கருத்து. பாக்கு தரும் இடர் வேறொன்றும் உண்டு. நெடுங்காலம் பாக்கு மென்றவருக்குக் கன்னத்தின் உட்புறம் இறுகி வாய் திறப்பு குறையும். கருவி நுழையவே இடமின்றிப்போனால் உள்வைப்பைச் சரியான கோணத்தில் பொருத்துவது எப்படி? அத்தகையோருக்கு முதலில் அந்நோய்க்கே சிகிச்சை தேவை. அது புற்றுநோய்க்கு முன்னோடியாகவும் அமையக்கூடும்.

அறுவைக்கு ஒரு வாரம் முன்பும், பின் எட்டு வாரங்களும் புகையிலையை முற்றிலும் விட்டவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்ததைப் பெயின் 1996இல் எழுதினார். அந்தக் கால அளவையே நாங்களும் கேட்கிறோம். முற்றிலும் விட்டுவிட்டால் நன்று என்பதைச் சொல்லத் தேவையில்லை. 'வாரம் ஒரு நாள் மட்டும்', 'மறுபக்கம் மட்டும்' என்னும் பேரங்களுக்கு மட்டும் இடமில்லை.

சர்க்கரை: அன்றைய எண்ணும் மூன்று மாத எண்ணும்

அவருக்கு நீரிழிவும் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் மாத்திரை வீட்டுக்கே வந்துகொண்டிருந்தது. அறுவை நாளின் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை 134. எங்களுக்கு அது போதுமானதாகத் தோன்றியது. உள்வைப்பு கழன்ற பின் எடுத்த எச்.பி.ஏ.1சி. 8.9. அறுவைக்கு முந்திய நான்கைந்து நாள்கள் அவருடைய துணைவியார் சோற்றையும் இனிப்பையும் நிறுத்திக் கட்டுப்பாடாகக் கம்மங்கூழும் கீரையும் கொடுத்திருக்கிறார். அன்பினால் செய்தது. ஆனால் ஒரு நாள் காலை எண், அதற்கு முந்திய மூன்று மாதங்களை மறைத்துவிட்டது.

எச்.பி.ஏ.1சி. என்பது இரத்தச் சிவப்பணுக்களில் சர்க்கரை எவ்வளவு படிந்துள்ளது என்பதை அளக்கும் சோதனை. ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியை அது காட்டும். சர்க்கரை மிகுந்த இரத்தத்தில் வெள்ளணுக்கள் கிருமிகளை விரட்டும் திறன் குன்றுகிறது. புதிய எலும்பு உருவாவதும் தாமதமாகிறது. நீரிழிவு உள்ளவருக்கு உள்வைப்பே கூடாது என்று பொருளில்லை. கட்டுப்பாட்டில் உள்ளவர்களிடம் பலன் மற்றவர்களைப் போன்றே அமைகிறது. எண் எட்டுக்கு மேல் உள்ளவர்களிடம், முன்னர்க் கூறிய இடைக்காலச் சரிவு மிகுதியாகவும், மீட்சி தாமதமாகவும் இருப்பது அளந்து காட்டப்பட்டுள்ளது. இதனால் இப்பொழுது எட்டுக்கு மேல் இருந்தால் அறுவையை ஒத்திவைக்கிறோம். ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் இருந்தால் பல் கட்டும் நாளைத் தள்ளிவைக்கிறோம்.

சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய நாடுதழுவிய ஆய்வு, 2023இல் வெளியானபோது, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், 13.6 கோடிப் பேர் அதன் வாயிலில் நிற்பதாகவும் கணித்தது. 'எனக்குச் சர்க்கரை இல்லை' என்று கூறுவோரில் பலர் சோதித்தே பார்க்காதவர்கள். நாற்பது வயது கடந்த எவருக்கும் சோதிக்காமல் நாங்கள் இனி உள்வைப்புச் செய்வதில்லை. இதற்கு ஆகும் செலவு, பொருத்தும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது.

மாத்திரைப் பையைக் கொண்டு வாருங்கள்

மருந்துகளின் பெயர் நினைவில்லாமல் போவது இயல்பு. பையோடு கொண்டுவருவதே நல்லது. எலும்புத் தேய்மானத்துக்கும் சில புற்றுநோய்களுக்கும் தரப்படும் அலெண்ட்ரோனேட், ஜோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் ஆகியவை எலும்பு தன்னைப் புதுப்பிக்கும் இயக்கத்தைத் தடுக்கின்றன. இவற்றைப் பெறுவோருக்குத் தாடை எலும்பில் கைவைத்தால் ஆறாத புண் ஏற்படும் இடர் உண்டு. ஜோலெட்ரோனிக் அமிலம் ஆண்டுக்கொருமுறை சிரை வழியாகச் செலுத்தப்படுவதால், 'மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை' என்று கூறும் முதியோர் அதனை மறந்துவிடுகின்றனர். அம்மாவுக்கோ பாட்டிக்கோ இடுப்பெலும்பு முறிந்த பின் ஊசி போட்டார்களா என்பதை மகனோ மகளோ நினைவுபடுத்த வேண்டும். கழுத்து, தாடைப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களும் எத்தனை ஆண்டு கடந்திருந்தாலும் தெரிவிக்க வேண்டும்.

வெறும் வயிற்றில் பலரும் எடுக்கும் 'கேஸ் மாத்திரை', அதாவது பான்டோபிரசோல் போன்றவை, மனச்சோர்வுக்கான சில மருந்துகள் ஆகியவற்றை உண்போரிடமும் தோல்வி சற்று மிகுதி எனச் சில ஆய்வுகள் கூறுகின்றன. மருந்தினாலா, மருந்து தேவைப்பட்ட உடல்நிலையினாலா என்பது இவற்றில் பிரித்தறியப்படவில்லை. இதைப் படித்துவிட்டு எவரும் தாமாக எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம். மனச்சோர்வு மருந்தைத் திடீரென நிறுத்துவது ஒரு பல்லை இழப்பதைவிடப் பன்மடங்கு தீங்கானது.

எங்கள் பக்கத்துக் காரணங்கள்

நோயாளரின் பழக்கங்களை மட்டும் சுட்டி நிறுத்துவது நேர்மையன்று. எலும்பு வெப்பத்தைத் தாங்காது. 47 பாகை செல்சியஸ் வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தால் எலும்பு உயிரணுக்கள் மடிகின்றன என்பதை எரிக்சன், ஆல்பிரெக்ட்சன் ஆகியோர் 1983இல் முயல்களில் நிறுவினர். நம் உடல் வெப்பத்துக்கும் அதற்கும் பத்துப் பாகையே இடைவெளி. மழுங்கிய துளைக்கருவியும், அவசரமும், போதிய உப்புநீர் பாய்ச்சாமையும் அந்த இடைவெளியை நொடிகளில் தாண்டிவிடும். கருவியை எத்தனை முறை பயன்படுத்தினோம் என்று கணக்கு வைத்து மாற்றுவதும், இடையிடையே நிறுத்தித் துளைப்பதும் மருத்துவர் கடமை. அறுவையின்போது 'ஏன் இவ்வளவு மெதுவாகச் செய்கிறார்கள்' என்று உறவினர் வெளியில் அமர்ந்து கவலைப்படுவதுண்டு. மெதுவாகச் செய்வது நன்மைக்கே.

எலும்பின் தன்மையும் இடத்துக்கு இடம் வேறுபடும். லெகோல்ம், சார்ப் ஆகியோர் 1985இல் வகுத்த நான்கு வகைகளில், முதல் வகை தேக்குப் பலகை போல் கெட்டியானது. நான்காம் வகை மெல்லிய ஓட்டினுள் பஞ்சு போன்றது. மேல்தாடையின் பின்பகுதியில் பெரும்பாலும் நான்காம் வகையே காணப்படும். அங்குத் திருகுக்குத் தொடக்க உறுதி கிட்டுவது கடினம். மேலே மூக்கையொட்டிய காற்றறையும் குறுக்கிடும். ஆகவேதான் கீழ்த்தாடைக்கு ஏறத்தாழ மூன்று மாதமும் மேல்தாடைக்கு ஆறு மாதமும் காத்திருக்கும் வழக்கம் பிரோனமார்க் காலத்தில் ஏற்பட்டது. இன்றைய உள்வைப்புகளின் சொரசொரப்பான மேற்பரப்பு இக்காலத்தைக் குறைத்துள்ளது என்பது உண்மை. 'ஒரே நாளில் பல்' என்னும் விளம்பரப் பலகைகள் தேனி, மதுரைச் சாலைகளில் தென்படுகின்றன. கெட்டியான எலும்பும், நல்ல உடல்நிலையும், போதிய தொடக்க உறுதியும் உள்ள சிலருக்கு அது இயலும். எல்லாருக்கும் இயலும் என்று எவரேனும் சொன்னால் இரண்டாவது கருத்துக் கேளுங்கள்.

அறுவைக்கு ஒரு மணி நேரம் முன்பு அமாக்சிசிலின் இரண்டு கிராம் கொடுப்பது தோல்வியைக் குறைக்கிறது. 2013இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வின்படி, இருபத்தைந்து பேருக்குக் கொடுத்தால் ஒருவர் தோல்வியிலிருந்து தப்புகிறார். பென்சிலின் ஒவ்வாமை உடையவர் முன்னரே கூறினால் மாற்று மருந்து தருவோம். அறுவைக்குப் பின் பல நாள் தொடர்ந்து உண்பதால் கூடுதல் நன்மை உண்டு என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. ஆகவே மருந்துக்கடையில் தாமாக வாங்கி நீட்டிக்க வேண்டாம். பக்கத்துப் பல்லின் வேரில் சீழ் இருந்தாலும், ஈறுநோய் ஆறாமல் இருந்தாலும் முதலில் அவற்றைச் சரிசெய்வோம். சிலர் இதனைத் தேவையற்ற செலவாகக் கருதுகின்றனர். சீழுக்கு அருகே எலும்பு இணையாது.

பழைய பல் செட்டும் பஸ் பயணமும்

அறுவைக்குப் பின்னர் வரும் இடர்களில் நாங்கள் மிகுதியாகக் காண்பது, கழற்றி மாட்டும் பழைய பல் செட்டை உள்வைப்பின் மேல் அழுத்தி அணிவதே. ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் அது உள்வைப்பைச் சிறிதளவு அசைக்கிறது. திருமணத்துக்கோ காதணி விழாவுக்கோ போகும்போது பல்லின்றிப் போகக் கூசுவது எங்களுக்குப் புரிகிறது. செட்டின் உட்புறத்தைக் குடைந்து மென்மையான பூச்சு இட்டுத் தருவோம், கேளுங்கள். கேட்காமல் அணிவதுதான் கேடு.

எட்டு வாரங்களுக்கு அப்பக்கத்தில் முறுக்கு, வறுகடலை, கரும்பு ஆகியவை வேண்டாம். கேப்பைக் களியும், கூழும், குழைந்த சோறும், நன்கு வெந்த பருப்பும் போதும். இவ்வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. இரவில் பல்லை நறநறவெனக் கடிக்கும் வழக்கம் உண்டா என்பதை நோயாளரைவிட உடன் உறங்குபவரே அறிவார். துணைவியோ பிள்ளைகளோ அதை எங்களிடம் கூறினால், உறக்கத்தின்போது அணியும் காப்புறை செய்து தருகிறோம்.

முதல் இரண்டு மூன்று நாள் வீக்கமும் சிறு வலியும் இயல்பு. நான்காம் நாளுக்குப் பின் வலி குறையாமல் மிகுவது, சீழின் துர்நாற்றம், உதடோ மோவாயோ மரத்துப்போய் மறுநாளும் தெளியாமல் இருப்பது, நாக்கால் தொட்டால் மூடி ஆடுவதாக உணர்வது ஆகியவை கண்டவுடன் வரவேண்டியவை. அவ்வுழவருக்கு வலி இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். தொடக்கத் தோல்வி பலநேரம் ஓசையின்றியே வரும்.

வருசநாட்டுக்கு மேலுள்ள ஊர்களிலிருந்து வருவோர்க்கு ஒரு பரிசோதனை என்பது ஒரு நாள் கூலி. பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். அவரும் பத்தாம் நாள் தையல் பிரித்த பின் வரவில்லை. வருமாறு நாங்களும் அழுத்திச் சொல்லவில்லை. மூன்றாம் வாரத்தில் ஒருமுறை பார்த்திருந்தால் கடைவாயின் கறையைக் கண்டிருப்போம். இப்பொழுது மூன்றாம் வாரப் பரிசோதனையைக் கட்டாயமாக்கி, வர இயலாதவருடன் தொலைபேசியில் பேசுகிறோம். படிவத்தில் 'வெற்றிலை, பாக்கு, புகையிலை, ஹான்ஸ், மூக்குப்பொடி இவற்றில் எது?' என்று பெயர் சொல்லியே கேட்கிறோம். குடும்பத்தினரைத் தனியே கேட்பதும் உண்டு. அதை எவரும் குறையாக எண்ணவேண்டாம்.

கழன்ற இடத்தில் மறுபடியும் பொருத்தலாமா என்பது அடுத்து வரும் கேள்வி. பொருத்தலாம். குழியைச் சுத்தம் செய்து, எலும்பு நிரம்ப இரண்டு மூன்று மாதமோ அதற்கு மேலோ காத்திருந்து, மீண்டும் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பின்னர். இரண்டாம் முறை வெற்றி விகிதம் முதல் முறையைவிடச் சற்றுக் குறைவு. முதல் தோல்வியின் காரணம் நீங்காதிருந்தால் மிகவும் குறைவு. பக்கத்துப் பற்களைப் பிடிமானமாகக் கொண்டு கட்டும் பாலப்பல்லும், கழற்றி மாட்டும் பல்லும் தாழ்ந்த சிகிச்சைகள் அல்ல. சிலருக்கு அவையே ஏற்றவை.

இம்முறைகள் அனைத்தையும் அவரிடம் விளக்கினோம். உள்வைப்புக்கான கட்டணத்தை மறுமுறை வாங்குவதில்லை என்றும் கூறினோம். அவர் உடனே முடிவு சொல்லவில்லை. தை மாதத்தில் மகளுடன் வந்தார். எச்.பி.ஏ.1சி. 7.4 ஆகக் குறைந்திருந்தது. "அப்பா பொயலைய விட்டு எழுவது நாளாச்சு, நாந்தான் எண்ணிட்டு வர்றேன்" என்றார் மகள். பங்குனியில் சற்று அகலமான உள்வைப்பைப் பொருத்தினோம். பல் கட்டுவதற்கு மூன்று மாதத்துக்கு மாறாக நான்கு மாதம் காத்திருந்தோம். ஆடி மாதக் கடைசியில் பல் கட்டி முடிந்தது. பழைய பொட்டலத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிச் சென்றார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.